நாரை சொன்ன ரகசியம்: பறப்பதற்கு முன் படித்தவர்கள்

ஜெர்மனியின் வடக்கே அன்க்லாம் என்று ஒரு சின்ன ஊர். 1850களில் அங்கே ஓட்டோ, குஸ்டாவ் என்று இரண்டு சகோதரர்கள் வளர்ந்தார்கள். பலூனில் பறந்து உயிரை விட்ட ஸாம்பெக்காரி என்ற இத்தாலியப் பிரபுவின் பயணங்களைப் பற்றிய புத்தகம் ஒன்று அவர்கள் கையில் கிடைத்தது. அதற்குள் ஒரு குட்டிக்கதை இருந்தது. களைத்துப்போன ஒரு குருவியை நாரை ஒன்று தன் முதுகில் ஏற்றிக்கொள்கிறது. இறக்கையை அடிக்காமலேயே இவ்வளவு தூரம் எப்படிப் போகமுடிகிறது என்று குருவி கேட்கிறது. காற்றில் வட்டமிட்டு மேலே ஏறி, பிறகு சரிந்து சரிந்து தூரத்தைக் கடக்கும் வித்தையை நாரை விளக்குகிறது.

அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தச் சிறுவர்கள் அதை விடவில்லை. ஊர்ப் புல்வெளியில் நாரைகள் ஏராளம். (தமிழில் செங்கால் நாரை என்கிறோமே, சத்திமுத்தப் புலவர் தூது விட்டது, அதே இனம்தான்.) நாரைகள் எழும்புவதையும் இறங்குவதையும் மணிக்கணக்கில் பார்த்தார்கள். மரப்பலகையில் இறக்கை செய்து கையில் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிப் பார்த்தார்கள். பள்ளித் தோழர்கள் கேலி செய்வார்களே என்று இரவில்தான் இந்தச் சோதனை!

அந்த அண்ணன்தான் ஓட்டோ லிலியன்தால். 1889ல் பறவைகள் பறப்பதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1891 முதல் 1896 வரை ஏறத்தாழ 2000 தடவை கிளைடரில் மிதந்தார். 1896 ஆகஸ்டில் கீழே விழுந்து மறுநாள் இறந்தார்.

விமானத்தின் வரலாற்றை எஞ்சினில் இருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு சிறுவனும் ஒரு புத்தகமும்தான் அங்கே இருக்கிறார்கள். பிறகு அந்தச் சிறுவர்கள் வளர்ந்து பறந்தார்கள். அவர்களைப் பற்றி வேறு சிறுவர்களுக்காகப் புத்தகங்கள் வந்தன. அந்தப் புத்தகங்கள் எல்லாம் உண்மையைச் சொல்லினவா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

புத்தகம் கொடுத்தது பாதி, சந்தேகம் கொடுத்தது பாதி

1878ல் அமெரிக்கப் பாதிரியார் மில்டன் ரைட் வெளியூர் போய்த் திரும்பும்போது தன் பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்தார். மூங்கில், கார்க், காகிதம், ஒரு ரப்பர் பேண்ட். முறுக்கிவிட்டால் கூரை வரை எழும்பும். பிரான்சைச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெனோ என்பவரின் வடிவமைப்பு அது. வில்பருக்கு அப்போது 11 வயது, ஆர்வில்லுக்கு 7. பொம்மை உடைந்ததும் தாங்களே அதைப்போலச் செய்து பார்த்தார்கள். வீட்டில் புத்தகங்களுக்கும் பஞ்சமில்லை. பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

லிலியன்தால் இறந்த செய்தி அவர்களுடைய பழைய ஆர்வத்தைக் கிளறியது. 1899 மே 30ஆம் தேதி வில்பர் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பறப்பதைப் பற்றி என்னென்ன எழுதப்பட்டிருக்கிறதோ அதையெல்லாம் படிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நிறுவனம் சில சிறு வெளியீடுகளையும், படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியலையும் அனுப்பியது. ஆக்டேவ் ஷனூட் 1894ல் எழுதிய பறக்கும் இயந்திரங்களின் வரலாறும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதுவரை முயன்று தோற்ற அத்தனை பேருடைய கதையும் ஒரே இடத்தில்!

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. படித்த கணக்கை வைத்து 1901ல் ஒரு கிளைடர் செய்தார்கள். கணக்குப்படி கிடைக்க வேண்டிய தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. சாதாரண ஆட்கள் என்றால் 'நமக்குப் புரியவில்லை' என்று ஒதுங்கியிருப்பார்கள். இவர்களோ புத்தகத்தையே சந்தேகப்பட்டார்கள். தங்கள் சைக்கிள் கடையில் ஒரு மரப்பெட்டியைக் காற்றுச் சுரங்கமாக்கி, சுமார் 200 விதமான குட்டி இறக்கைகளை அதில் வைத்துச் சோதித்தார்கள். லிலியன்தாலின் அட்டவணை பெரும்பாலும் சரிதான் என்று தெரிந்தது. 18ஆம் நூற்றாண்டிலிருந்து எல்லோரும் கேள்வி கேட்காமல் எடுத்தாண்டு வந்த காற்றழுத்த எண் ஒன்றுதான் தவறு.

1903 டிசம்பர் 17. முதல் முயற்சியில் 12 வினாடி, 120 அடி. அன்றைய நான்காவது முயற்சியில் 59 வினாடி, 852 அடி. புத்தகம் படிக்காமல் இருந்தால் அவர்கள் தொடங்கியிருக்கவே முடியாது. புத்தகத்தை அப்படியே நம்பியிருந்தால் பறந்திருக்கவும் முடியாது.

கற்பனை போட்ட விதை

பிரேசில் நாட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவர் சாந்தோஸ் துமோன். சிறுவயதில் ஜூல்ஸ் வெர்ன் நாவல்கள் என்றால் அவருக்கு உயிர். நம் ஊரில் 'கொக்கு பறபற' விளையாடுவோமே, அதே போல ஒரு விளையாட்டு அங்கேயும் உண்டு. பறக்கும் பொருளைச் சொன்னால் மட்டும் விரலைத் தூக்க வேண்டும். 'மனிதன்' என்று சொல்லும்போது எல்லோரும் சும்மா இருக்க, துமோன் மட்டும் விரலைத் தூக்குவாராம். தோற்றதாக ஒப்புக்கொள்ளவும் மாட்டாராம்! வளர்ந்த பிறகு 1901 அக்டோபர் 19ஆம் தேதி தன் ஆகாயக் கப்பலில் ஈஃபிள் கோபுரத்தைச் சுற்றி வந்து பெரிய பரிசு வாங்கினார். அந்தப் பணத்தைத் தன் ஊழியர்களுக்கும் பாரிஸ் நகரத்து ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டார்.

வெர்ன் 1886ல் எழுதிய 'ரோபர்' என்ற நாவலில் பல காற்றாடிகள் தூக்கிச் செல்லும் ஒரு கப்பல் வரும். கீவ் நகரத்தில் அதைப் படித்த சிறுவன் இகோர் சிகோர்ஸ்கி. 12 வயதில் ரப்பரால் இயங்கும் ஒரு குட்டி ஹெலிகாப்டரைச் செய்தான். 1939ல் அமெரிக்காவில் அவர் உருவாக்கிய விஎஸ்-300 தரையை விட்டு எழும்பியது. இடையில் கிட்டத்தட்ட 40 வருடங்கள்! ஒரு கதைப் புத்தகம் இவ்வளவு காலம் ஒருவரைத் துரத்த முடியும் என்பது ஆச்சரியம்தான்.

கதைத் தொழிற்சாலை

ரைட் சகோதரர்கள் பறந்த பிறகு வானம் ஒரு நல்ல சந்தையாக மாறியது. அமெரிக்காவில் எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர் என்பவர் சிறுவர் புத்தகங்களை ஒரு தொழிற்சாலை மாதிரி நடத்தினார். கதைச் சுருக்கத்தை அவர் கொடுப்பார். எழுதுபவருக்கு ஒரு மொத்தத் தொகை. அட்டையில் ஒரு கற்பனைப் பெயர். உரிமை, லாபம் எல்லாம் கம்பெனிக்கு. 1910ல் தொடங்கிய 'டாம் ஸ்விஃப்ட்' வரிசை இப்படித்தான் வந்தது. அந்த வருடமே டாம் ஆகாயக் கப்பலில் ஏறிவிட்டான். அடுத்த வருடம் பந்தய விமானத்தில்!

1927 மே மாதம் சார்ல்ஸ் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாக முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்தார். அதே வருடம் இந்தக் கம்பெனி 'டெட் ஸ்காட்' என்ற வரிசையைக் கொண்டு வந்தது. அதன் முதல் புத்தகத்திலேயே கதாநாயகன் கடலைத் தாண்டிப் பாரிசுக்குப் பறக்கிறான்! தேவை எழுந்தால் சரக்கு வந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்தப் புத்தகங்களை மட்டமாகச் சொல்லிவிட முடியாது. லட்சக்கணக்கான பிள்ளைகள் இவற்றால்தான் படிக்கவே ஆரம்பித்தார்கள். ஆனால் இவற்றில் விமானம் கெட்டுப்போனால் அடுத்த பக்கத்தில் சரியாகிவிடும். ஷனூட் புத்தகத்தில் இருந்த தோல்விகளின் பட்டியல் இங்கே இல்லை.

விஸ்கி லெமனேட் ஆன கதை

பிரிட்டனில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. 1932 ஏப்ரலில் 'பாப்புலர் ஃப்ளையிங்' என்ற பத்திரிகையின் முதல் இதழில் ஒரு சிறுகதை வந்தது. அதன் நாயகன் ஜேம்ஸ் பிகிள்ஸ்வொர்த். சுருக்கமாக பிகிள்ஸ். எழுதியவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் டபிள்யூ. ஈ. ஜான்ஸ்.

ஜான்ஸ் சும்மா கற்பனையில் எழுதியவர் அல்ல. முதல் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். 1918 செப்டம்பர் 16ஆம் தேதி ஜெர்மனிக்கு மேலே அவருடைய விமானம் சுடப்பட்டது. உடன் வந்தவர் இறந்துபோனார். ஜான்ஸ் சிறைப்பட்டார். அந்தப் போரில் இளம் விமானிகள் எப்படிச் செத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1917 ஏப்ரல் ஒரு மாதத்தில் மட்டும் பிரிட்டன் சுமார் 245 விமானங்களை இழந்தது.

ஆகவே ஆரம்பகால பிகிள்ஸ் ஒரு சூரப்புலி இல்லை. ஒல்லியான பையன். கைகள் ஒரு இடத்தில் நிற்காது. நண்பர்கள் திரும்பி வராத நாட்களில் அவனும் உடைந்துபோகிறான், குடிக்கிறான். ஒரு ஜெர்மன் உளவுப் பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். அந்தக் கதைகள் முதலில் பெரியவர்களும் படிக்கும் பத்திரிகையில் வந்தவை.

பிறகு என்ன நடந்தது? சிறுவர்கள்தான் பிகிள்ஸை அதிகம் விரும்பிப் படிக்கிறார்கள் என்று தெரிந்தது. 1950களில் வந்த மறுபதிப்பில் ஒரு கதையில் படைப்பிரிவுகள் போட்டி போடும் விஸ்கிப் பெட்டி, லெமனேட் பெட்டியாக மாறிவிட்டது! தினமும் சாவைப் பார்க்கும் இளைஞர்கள், லெமனேடுக்காக உயிரைப் பணயம் வைத்து ஜெர்மன் பலூனைச் சுடப் போகிறார்கள். படிக்கும் பிள்ளைக்குச் சிரிப்புத்தான் வரும்.

பிள்ளைகளுக்குக் குடியைக் காட்டக் கூடாது என்ற எண்ணத்தில் தப்பில்லை. ஆனால் குடியை எடுத்தபோது அதற்குப் பின்னால் இருந்த பயத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். போர் ஒரு விளையாட்டுப் போட்டி மாதிரி ஆகிவிட்டது.

ஜான்ஸ் மீது வேறு ஒரு குற்றச்சாட்டும் உண்டு. பிற்காலத்து பிகிள்ஸ் கதைகள் சிலவற்றில் வெள்ளையர் அல்லாதவர்களைப் பற்றிய சித்தரிப்பு மோசமாக இருந்தது. அதனால் பிரிட்டனில் சில நூலகங்கள் அவற்றை எடுத்தன. இத்தனைக்கும் பிகிள்ஸ் கதைப்படி பிறந்தது இந்தியாவில்தான்! இங்கிலீஷ் மீடியம் பள்ளி நூலகங்கள் வழியாக இந்தியப் பிள்ளைகளும் பிகிள்ஸைப் படித்தார்கள். இன்னொரு பக்கம், இரண்டாம் உலகப் போரின்போது பெண்களை விமானப்படைப் பணிக்கு ஈர்ப்பதற்காக 'வொர்ரல்ஸ்' என்ற பெண் விமானியை உருவாக்கியவரும் இதே ஜான்ஸ்தான். 1939ல், ஹிட்லரிடம் விட்டுக்கொடுத்துப் போன அரசாங்கத்தைத் தாக்கி எழுதியதால் ஆசிரியர் வேலையை இழந்தவரும் அவரே. ஒரே மனிதரிடம் எத்தனை முகங்கள்!

கதையா, வரலாறா?

1950ல் அமெரிக்காவின் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம் 'லேண்ட்மார்க்' என்ற பெயரில் சிறுவர்களுக்கான வரலாற்று வரிசையைத் தொடங்கியது. குவென்டின் ரெனால்ட்ஸ் எழுதிய ரைட் சகோதரர்கள் வரலாறு அதில் ஆரம்பகாலப் புத்தகங்களில் ஒன்று. விறுவிறுப்பான நடை. தாய் சூசன் ரைட் பிள்ளைகளுக்குக் காற்றின் தடையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் காட்சிகள் இருக்கும். சூசன் உண்மையிலேயே கருவிகளைக் கையாளத் தெரிந்தவர். ஆனால் அந்த உரையாடல்கள் ஆசிரியர் அமைத்தவை. படிக்கும் 10 வயதுப் பிள்ளைக்கு எது நடந்தது, எது சேர்த்தது என்று எப்படித் தெரியும்?

1983ல் ஆலிஸ் - மார்ட்டின் புரோவென்சன் தம்பதி வேறு வழியைக் காட்டினார்கள். 1909 ஜூலை 25ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதலில் கடந்த லூயி பிளேரியோவைப் பற்றிய படப் புத்தகம் அது. பிளேரியோ தன் விமானங்களுக்கு எண் கொடுத்து வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக அந்தப் புத்தகத்தில் வரும். ஒன்று எழும்பவே எழும்பாது. ஒன்று தண்ணீரில் விழும். பதினொன்றாவதுதான் கடலைக் கடக்கிறது. சிரித்துக்கொண்டே படிக்கும் குழந்தை, தன்னை அறியாமலேயே தோல்வியின் பயனைக் கற்றுக்கொள்கிறது. 1984ல் அதற்குக் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது.

1991ல் ரஸ்ஸல் ஃப்ரீட்மன் எழுதிய ரைட் சகோதரர்கள் புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போனது. கற்பனை உரையாடல் கிடையாது. சகோதரர்கள் தாங்களே எடுத்த புகைப்படங்கள், அவர்களுடைய கடிதங்கள், நாட்குறிப்புகள். முதல் பறப்பின் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் ஜான் டேனியல்ஸ் என்ற கடற்கரை மீட்புப் பணியாளர். கேமராவை ஆர்வில் நிறுத்தி வைத்திருந்தார். டேனியல்ஸ் அமுக்கினார், அவ்வளவுதான். அதற்கு முன் அவர் கேமராவையே தொட்டதில்லை! உண்மையே இவ்வளவு சுவையாக இருக்கும்போது எதற்குக் கற்பனை?

ஒரு பெயர்ப்பலகையின் பொய்

உண்மைகள் எப்படி மாறிப்போகும் என்பதற்கு ஒரு சம்பவம். ரைட் சகோதரர்களுக்குப் போட்டியாக இருந்தவர் சாமுவேல் லேங்லி, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர். ராணுவம் அவருக்கு 50,000 டாலர் கொடுத்தது. ரைட் சகோதரர்களின் முதல் விமானத்துக்கு ஆன செலவோ 1000 டாலருக்கும் குறைவு. லேங்லியின் விமானம் 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும் ஆற்றில் விழுந்தது.

ஆனால் 1914ல் அந்தப் பழைய விமானத்தில் பல மாற்றங்கள் செய்து சிறிது தூரம் பறக்க வைத்தார்கள். பறக்கக்கூடிய முதல் விமானம் இதுதான் என்று ஸ்மித்சோனியன் பலகை எழுதி வைத்தது. 1899ல் வில்பருக்குப் புத்தகங்கள் அனுப்பிய அதே நிறுவனம்! மனம் நொந்த ஆர்வில் தங்கள் விமானத்தை 1928ல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942ல்தான் ஸ்மித்சோனியன் தன் தவறை ஒப்புக்கொண்டது. 1948 டிசம்பர் 17ஆம் தேதி விமானம் வாஷிங்டனில் வைக்கப்பட்டது. அதைப் பார்க்க ஆர்வில் இல்லை. அந்த வருடம் ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

இடைப்பட்ட காலத்தில் அந்த அருங்காட்சியகத்துக்குப் போன பிள்ளைகள் எதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள்?

நாயகனின் மறுபக்கம்

லிண்ட்பர்க் விஷயத்துக்குத் திரும்புவோம். 1927லேயே அவர் எழுதிய 'வீ' என்ற புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. பிறகு பிள்ளைகளுக்காக அவரைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள். பெரும்பாலானவை பாரிசில் இறங்கியதோடு முடிந்துவிடும்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்வது கஷ்டம். 1938 அக்டோபரில் அவர் பெர்லினில் கோரிங் கையால் நாஜி அரசின் பதக்கம் வாங்கினார். 1941 செப்டம்பரில் ஒரு பொதுக்கூட்டத்தில், அமெரிக்காவைப் போருக்குள் தள்ளுபவர்கள் என்று பிரிட்டிஷாரையும் யூதர்களையும் ரூஸ்வெல்ட் அரசையும் குற்றம் சாட்டினார். 2020ல் கேண்டஸ் ஃப்ளெமிங் இளைஞர்களுக்காக எழுதிய லிண்ட்பர்க் வரலாறு இதையெல்லாம் மறைக்காமல் சொன்னது. அவருடைய துணிச்சலையும் குறைக்கவில்லை, தவறையும் மறைக்கவில்லை. மறு ஆண்டே அது இளையோருக்கான சிறந்த உண்மை வரலாற்று நூல் என்று விருது பெற்றது.

இதில் மனதைத் தொடும் ஒரு கிளைக்கதை உண்டு. பெஸ்ஸி கோல்மன் என்று ஒரு கறுப்பினப் பெண். அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் எதுவும் அவரைச் சேர்க்கவில்லை. பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சுக்குப் போய், 1921 ஜூன் 15ஆம் தேதி விமானி உரிமம் பெற்றார். 1926ல் ஒரு விபத்தில் இறந்தார். நீண்ட காலம் பாடப் புத்தகங்களில் அவருக்கு இடமில்லை. 1996ல் அவரைப் பற்றிக் குழந்தைகளுக்காக ஒரு அழகான படப் புத்தகம் வந்தது. எழுதியவர் ரீவ் லிண்ட்பர்க். சார்ல்ஸ் லிண்ட்பர்க்கின் மகள்!

சென்னை வரை வந்த காற்று

பிளேரியோவுக்குப் பிரான்சில் கடற்கரையோரம் ஒரு வீடு இருந்தது. அதே ஊருக்கு விடுமுறைக்கு வந்த ஒரு சிறுவன் அங்கே இறங்கும் விமானங்களை வாய் பிளந்து பார்ப்பான். அவன் பெயர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1929ல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் அவருக்குத்தான். 1932 அக்டோபர் 15ஆம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அமர் சித்திரக் கதை வரிசையில் ஜே.ஆர்.டி.க்கும் ஒரு புத்தகம் உண்டு. அதைப் படித்து இன்று எந்தப் பிள்ளை வானத்தை அண்ணாந்து பார்க்கிறதோ, யாருக்குத் தெரியும்?

நாரை குருவிக்குச் சொன்னது வெறும் கதைதான். ஆனால் அதில் ஒரு உண்மை இருந்தது. அந்த உண்மையை இரண்டு பையன்கள் புல்வெளிக்குப் போய்ச் சரிபார்த்தார்கள். பிற்பாடு இன்னும் இரண்டு பேர், பெரியவர்களான பிறகும், மரப்பெட்டியில் சரிபார்த்தார்கள். பிள்ளைகளால் உண்மையைத் தாங்க முடியாது என்று நினைத்து நாம்தான் விஸ்கியை லெமனேட் ஆக்குகிறோம், நாயகனின் கறையைத் துடைக்கிறோம். சரிபார்க்க ஒன்றுமே இல்லாத புத்தகத்தைப் படித்து யாரும் பறந்ததில்லை.

அடுத்த முறை புத்தகக் கண்காட்சியில் தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு விமானப் புத்தகம் வாங்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். யாராவது கீழே விழுந்திருக்கிறார்களா? விழுந்திருந்தால் தாராளமாக வாங்கலாம்!